இட்டுக்கட்டிய பெயருக்கும் பூர்வீகம் உண்டு

ஐந்து ஊர்ப் பெயர்கள் தருகிறேன்: வேழங்கரை, ட்ரோக்மார், கீழக்கொற்றங்குடி, ல்வைரின், நெல்லடிநல்லூர். இவற்றில் எவை மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் இருக்கக்கூடும் என்று கேட்டால், டெல்டாக்காரர் யாரும் யோசிக்கக்கூட மாட்டார். முதலாவது, மூன்றாவது, ஐந்தாவது என்று சொல்லிவிடுவார். மற்ற இரண்டும் பிள்ளைகள் கணினியில் விளையாடும் ஏதோ ஒரு மாயாஜால விளையாட்டில் வரும் அரக்கர் கோட்டையாகவோ தேவதைகளின் காடாகவோ இருக்கும் என்பார்.

ஐந்துமே இந்தக் கட்டுரைக்காக உட்கார்ந்து கட்டிய பெயர்கள். இவற்றில் ஏதாவது ஒன்று உண்மையிலேயே ஒரு வாய்க்கால் கரையில் ஊராக இருந்தாலும் எனக்கு வியப்பில்லை. அப்படி இருந்தால் அது நான் சொல்ல வருவதற்குச் சாட்சியாகத்தான் அமையும். இதற்கு முன் கேட்டே இராத பெயர், யாரும் வாழாத ஊர். ஆனாலும் அது எந்தப் பக்கத்து ஊர் என்று காதுக்குத் தெரிந்துவிடுகிறது. எப்படி?

இந்தக் கேள்வி வெறும் வேடிக்கைக்கு இல்லை. 1974-இல் அமெரிக்காவில் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டு வெளியானதிலிருந்து, இல்லாத உலகங்களைக் கட்டி விளையாடுவது ஒரு பெரிய தொழிலாகிவிட்டது. ஓர் உலகம் என்றால் நகரம், ஆறு, மலை, குலம், தெய்வம், வாள் என்று ஆயிரக்கணக்கில் பெயர் வேண்டும். பெயர் வைத்தவர்களைக் கேட்டால் “சும்மா தோன்றியது” என்பார்கள். மொழியியலாளர்கள் ஒப்புக்கொள்வதில்லை. சும்மா தோன்றும் பெயர் என்று ஒன்று கிடையாது. பெயர் வைப்பவரின் காதுக்குள் ஏற்கெனவே இருக்கும் ஏதோ ஒரு மொழியின் சட்டத்தில்தான் அது வார்க்கப்படும். இந்தத் துறைக்கெல்லாம் பாட்டன் எனத்தக்க டோல்கீன் இதை ஒளிக்கவே இல்லை. அவர் படைத்த தேவதை மொழிகளில் ஒன்றுக்கு ஃபின்னிஷ் மொழியும் மற்றொன்றுக்கு வேல்ஷ் மொழியும் ஓசை தந்தன. குள்ளர்களின் பெயர்களைப் பழைய நார்ஸ் மொழிப் பாடல் ஒன்றிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டார். மந்திரவாதி கேண்டால்ஃபின் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்ததுதான்.

பெயரின் பூர்வீகத்தைக் கண்டுபிடிக்கும் கலையைப் பழக உலகத்தில் சில இடங்கள் மிகவும் வசதியானவை. காவிரிப் படுகை அவற்றில் ஒன்று. ஆயிரம் ஆண்டுப் பெயர்கள் இங்கே கல்லிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றின் இன்றைய வடிவம் பேருந்துப் பலகையில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

வாசலில் நிற்கும் விதி

விதை நெல் வயலில் கதிர் முற்றுவதற்கு முன் ஓர் ஆள் வரப்பு வரப்பாக நடந்து கலவன் பறிப்பார். ஒரே பச்சையாகத் தெரியும் வயலில், நாலு விரற்கடை உயரமாகவோ இலை சற்று அகலமாகவோ நிற்கும் வேற்றுப் பயிர் அவர் கண்ணில் மட்டும் படும். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் விளக்கத் தெரியாது. கை போய்ப் பறித்துவிடும். பேச்சைக் கேட்கும் காதும் இப்படித்தான் வேலை செய்கிறது. ஒவ்வொரு மொழியிலும் எந்த ஒலி சொல்லின் தலையில் நிற்கலாம், எது எதோடு சேரலாம், எதில் முடியலாம் என்று ஒரு கட்டுப்பாடு உண்டு. இதை ஒலிச்சேர்க்கை விதி என்று சொல்லிக்கொள்வோம். அந்த விதியை மீறிய சொல் கலவனாகத் தெரிந்துவிடும்.

தமிழர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. மேலை மொழியியல் இதைத் தனி இயலாக்குவதற்கு மிக முன்பே தொல்காப்பியம் ‘மொழி முதல் எழுத்து’, ‘மொழி இறுதி எழுத்து’ என்று பிரித்து விதி வகுத்துவிட்டது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய வரிசைகள் தமிழ்ச் சொல்லின் முதலில் வரா. வல்லின மெய்யில் சொல் முடியாது. இரண்டு மெய்கள் சேர்ந்து சொல்லைத் தொடங்கவும் முடியாது. இப்போது ‘ட்ரோக்மார்’, ‘ல்வைரின்’ இரண்டையும் பாருங்கள். வாசலிலேயே மாட்டிக்கொண்டுவிட்டன. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டிய தேவையே காதுக்கு வரவில்லை.

விதியை மீறும் பெயர் ஊருக்குள் வந்தே தீர வேண்டும் என்றால் என்ன ஆகும்? பெயரைத் திருத்தி உள்ளே விடுவோம். ராமன் இராமன் ஆனார். லங்கா இலங்கை ஆயிற்று. ரங்கன் அரங்கன் ஆகித் திருவரங்கத்தில் பள்ளிகொண்டார். லோகம் உலகம் என்று நின்றது. இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். கிராமத்துப் பாட்டி ஸ்கூலை ‘இஸ்கூலு’ என்று சொல்லும்போது ஒரே மூச்சில் இரண்டு விதிகளைக் காப்பாற்றுகிறார். தலையில் இகரம் சேர்த்து மெய்ம்மயக்கத்தைத் தளர்த்துகிறார், வாலில் உகரம் சேர்த்து ஒற்றில் முடியாமல் பார்த்துக்கொள்கிறார். அதே இலத்தீன் மூலத்திலிருந்து வந்த சொல்லை ஸ்பானியர்கள் ‘எஸ்குவேலா’ என்கிறார்கள். அவர்கள் மொழிக்கும் தலையில் அந்த மெய்ம்மயக்கம் ஆகாது.

விதிகளும் காலத்தோடு நெகிழும். சகர வரிசையில் ச, சை, சௌ மூன்றும் சொல்லின் முதலில் வராது என்பது தொல்காப்பியம். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் அந்தத் தடையை எடுத்துவிட்டது. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் சக்கரம், சங்கம் போன்ற சொற்கள் ஏராளமாக வந்து குடியேறியதுதான் காரணம். இரண்டு இலக்கணங்களையும் ஒப்பிட்டால் மொழிக்குள் யார் எப்போது வந்தார்கள் என்பதன் தடம் தெரிகிறது.

இந்த உணர்வு பள்ளிக்கூடத்தில் இலக்கணம் படித்து வந்ததா? இல்லை என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. 1993-இல் பீட்டர் யூசிக் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் அமெரிக்கக் கைக்குழந்தைகளுக்கு ஒலிப்பெருக்கியில் ஆங்கிலச் சொற்களையும் டச்சுச் சொற்களையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்கள். எந்தப் பக்கத்து ஒலியைக் குழந்தை அதிக நேரம் தலை திருப்பிக் கேட்கிறது என்று அளந்தார்கள். ஆறு மாதக் குழந்தைகளுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. ஒன்பது மாதக் குழந்தைகள் ஆங்கிலத்தின் பக்கமே கூடுதலாகக் காது கொடுத்தன. சொல்லின் பொருள் தெரியாது, இன்னும் பேச்சும் வரவில்லை. ஆனால் நம் வீட்டு ஒலி எது, அடுத்த வீட்டு ஒலி எது என்ற கணக்கு மூளைக்குள் முடிந்துவிட்டது. நாம் ‘வேழங்கரை’யை உள்ளே விட்டதும் அந்தக் கணக்கை வைத்துத்தான்.

பெயரின் வால்

வாசலைத் தாண்டி வந்த பெயரைக் காது அடுத்ததாகப் பிரித்துப் பார்க்கிறது. கீழ + கொற்றன் + குடி. பொருள் தரும் மிகச் சிறிய துண்டை மொழியியலில் உருபன் என்பார்கள். ஊர்ப் பெயர்களில் கடைசி உருபனுக்கு வேலை அதிகம். காவிரிப் படுகையின் வரைபடத்தை விரித்தால் குடி, ஊர், நல்லூர், பூண்டி, துறை, காடு, மங்கலம், பட்டினம் என்ற வால்கள் திரும்பத் திரும்ப வரும். மன்னார்குடி, கூத்தாநல்லூர், திருத்துறைப்பூண்டி, ஆடுதுறை, நாகப்பட்டினம். ஒவ்வொரு வாலும் ஒரு தகவல் சொல்கிறது. ‘பட்டினம்’ என்றால் கடல் பக்கத்தில் தேடு. ‘துறை’ என்றால் ஆற்றங்கரையில் தேடு. ‘மங்கலம்’ என்றால் அது ஒரு காலத்தில் அந்தணர்க்கு அரசர் கொடையாகக் கொடுத்த ஊராக இருந்திருக்கக்கூடும். கீழ, மேல, வட, தென் என்று முன்னால் வந்தால் அதே பெயரில் இன்னோர் ஊர் எதிர்த்திசையில் இருக்கும் என்று நம்பலாம்.

விளையாட்டு வடிவமைப்பாளர்கள் ஆங்கிலத்தில் செய்வதும் இதுதான். ஃபோர்ட், டன், டேல், விக் போன்ற பழைய இங்கிலாந்து ஊர் வால்களை எடுத்து முன்னால் ஏதாவது ஒரு தலையை ஒட்டிவிடுகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும் ஃபோர்டும் நம் துறையைப்போல ஆற்றோடு தொடர்புள்ளதுதான், மாடுகள் ஆற்றைக் கடந்த இடம். இப்படி ஒட்டிய பெயரைக் கேட்டதும் ஆங்கிலேயச் சிறுவனுக்கு ஈரப் புல்வெளியும் கல் பாலமும் மனத்தில் வந்துவிடும். படம் வரைபவர் பாதி வேலையை அந்த வாலிடமே கொடுத்துவிடலாம்.

தமிழில் இந்த வித்தையை உச்சத்தில் செய்தவர் கல்கி. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ சோழ நாட்டையே ஒரு புனைவு உலகமாக மறுபடி கட்டிய நாவல். அதில் யார் உண்மை, யார் கற்பனை என்று வாசகர்களைக் கேட்டுப் பாருங்கள். வாள் சுழற்றிக்கொண்டு குதிரையில் திரியும் வந்தியத்தேவனைக் கற்பனை என்பார்கள், நந்தினியை வரலாறு என்று சத்தியம் செய்வார்கள். நடப்பு நேர் எதிர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, ராஜராஜனின் தமக்கை குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று குறிக்கிறது. சதிகாரன் ரவிதாசனும் உண்மை ஆள்தான். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையில் துரோகிகளாகக் கருதப்பட்டவர்களின் சொத்தைப் பற்றிய காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டில் அவன் பெயர் இருக்கிறது. நந்தினியும் பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் கல்கியின் பிள்ளைகள்.

இவ்வளவு பேரை ஏமாற்ற எப்படி முடிந்தது? கல்கி கட்டிய பெயர்கள் கல்வெட்டுப் பெயர்களுக்குப் பக்கத்தில் கலவனாகத் தெரியவில்லை. வைணவக் குடும்பத்தில் வளர்ந்து அரண்மனைக்குள் புகும் பெண்ணுக்கு நந்தினி என்ற வடமொழிப் பெயர். கோடிக்கரையில் படகு வலிக்கும் பெண்ணுக்குப் பூ, குழல், இ என்று மூன்று தமிழ் உருபன்கள். வீதிதோறும் சமயச் சண்டை போடும் வைணவனுக்கு, ஆழ்வாருக்கு அடியான் என்ற தொண்டுப் பெயர். ஒவ்வொருவரும் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பது பெயரிலேயே இருக்கிறது.

வல்லினமும் வில்லனும்

பெயரைப் பிரிக்கவே முடியாதபோதும் அதன் ஓசை ஏதோ சொல்கிறது. 1929-இல் வொல்ஃப்காங் கோலர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் இரண்டு உருவங்களை வரைந்தார். ஒன்று முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருப்பது, மற்றொன்று கொழுக்கட்டைபோல உருண்டது. ‘டக்கேட்டே’, ‘பலூபா’ என்ற அர்த்தமற்ற இரு சொற்களில் எது எதற்குப் பெயர் என்று கேட்டார். பெரும்பாலோர் முள்ளுக்கு டக்கேட்டே என்றார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பர்டும் 2001-இல் இதையே ‘பூபா’, ‘கிக்கி’ என்ற சொற்களால் மறுபடி பேசுபொருள் ஆக்கினார்கள். அமெரிக்க மாணவர்களும் தமிழ் பேசுவோரும் ஒன்றுபோலவே முள் வடிவத்துக்குக் ‘கிக்கி’ என்று பெயர் வைத்தார்கள். வாய் திடீரென்று அடைத்துத் திறக்கும் ஒலி கூர்மையாகவும், உதடு குவியும் ஒலி உருண்டையாகவும் மூளைக்குப் படுகிறது.

ஒலிகளை வன்மை, மென்மை, இடைமை என்று பெயரிட்டுப் பிரித்த மொழிக்காரர்கள் இதில் ஆச்சரியப்பட மாட்டார்கள். விளையாட்டுகளில் வரும் அரக்கர் கூட்டத்தின் பெயர் ஏன் க், ட், ர் என்று கரகரக்கிறது, தேவதைகளின் பெயர் ஏன் ல, ய, ன என்று வழுக்குகிறது என்பதற்கு இதுவே பாதி விடை. ஆனால் இது ஒரு சாய்வுதான், சட்டம் இல்லை. ‘கண்ணம்மா’ வல்லினத்தில் தொடங்குகிறாள் என்பதற்காக யாரும் அவளைப் பார்த்துப் பயப்படுவதில்லை.

2015-இல் வந்த ‘பாகுபலி’ படத்தின் காலகேயர்களுக்காக மதன் கார்க்கி உருவாக்கிய கிளிக்கி மொழி இதற்கு நம் வீட்டு உதாரணம். காலகேயர் என்ற குலப்பெயர் மகாபாரதத்தில் வரும் அசுரர்களுடையது. மொழி மட்டும் புதியது. ஆஸ்திரேலியாவில் இருந்த காலத்தில் குழந்தைகளுக்காக விளையாட்டாகத் தொடங்கியதே அதற்கு விதை என்று கார்க்கி சொல்லியிருக்கிறார். அதில் ‘மின்’ என்றால் நான், ‘நிம்’ என்றால் நீ. திருப்பிப் போட்டால் எதிர்ப்பொருள். தமிழ்க் காதுக்கு நிம் உடனே பழைய தமிழின் ‘நும்’மையும் கன்னடத்தின் ‘நிம்ம’வையும் நினைவூட்டும். அப்படியென்றால் மின்? ஃபின்னிஷ் மொழியில் நான் என்பதற்கு ‘மினா’ என்கிறார்கள். உடனே கிளிக்கிக்கும் ஃபின்லாந்துக்கும் உறவு என்று முடிவு கட்டிவிடலாமா? ஒரு பெயரின் பூர்வீகத்தைத் தேடுபவர் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான்.

தேய்மானம்

அங்கே போகும் முன் இன்னொன்று. புதிதாகக் கட்டிய பெயர் ஏன் பல நேரம் பொம்மைபோலப் பளபளவென்று இருக்கிறது? தேய்மானம் இல்லாததால். ஆயிரம் ஆண்டு வாயில் புழங்கிய பெயர் முனை மழுங்கி இருக்கும்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தாராசுரத்தைப் பாருங்கள். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் ஐராவதீசுவரர் கோயிலைக் கட்டிய அந்த ஊருக்கு இராசராசபுரம் என்று பெயர். நாளடைவில் அது ‘ராராசுரம்’ என்று சுருங்கி, பிறகு ‘தாராசுரம்’ ஆனது. ரகரம் திரும்பத் திரும்ப வந்தால் நாக்கு இடறும், ஒன்றை மாற்றிக்கொள்ளும். இதற்கு வேற்றினமாதல் என்று பெயர். மாற்றியது எந்த ரகரத்தை? முதலில் நின்றதை. தமிழ்ச் சொல்லின் தலையில் ரகரம் நிற்கக் கூடாது என்ற பழைய விதியும் கூடவே நிறைவேறிவிட்டது. ஒரு பேரரசனின் பட்டப்பெயரையே நாக்கு இப்படிச் செதுக்கியிருக்கிறது. கல்கியின் கதை தொடங்கும் வீராணம் ஏரியும் அப்படித்தான். முதல் பராந்தகனின் பட்டப்பெயரான வீரநாராயணன் அதற்குள் சுருங்கிக் கிடக்கிறான்.

தேய்வது ஒரு வழி, பெயர்த்து எழுதப்படுவது இன்னொரு வழி. தேவாரத்தில் மறைக்காடு என்று வரும் ஊர் பிறகு வேதாரண்யம் ஆயிற்று. மறை வேதமாகவும் காடு ஆரண்யமாகவும் துண்டு துண்டாகப் பெயர்ந்தன. மயிலாடுதுறை மாயூரமாகி, வாய்வழக்கில் மாயவரமாகி, 1982-இல் அரசாணையால் மறுபடி மயிலாடுதுறை ஆயிற்று. டோல்கீன் மற்றவர்களைவிட உயர்ந்து நிற்பதும் இங்கேதான். அவர் பெயர்களை மட்டும் கட்டவில்லை. ஒரு மூத்த மொழியை முதலில் வைத்து, அதன் ஒலிகள் எந்த ஒழுங்கில் தேய்ந்து இரண்டு மொழிகளாகப் பிரிந்தன என்பதற்கும் விதி எழுதினார். அந்தப் பெயர்களில் வயசு தெரிவது அதனால்தான்.

ஒத்த ஓசை சாட்சியாகாது

இனி தடுக்கி விழும் இடத்துக்கு வருவோம். தரங்கம்பாடிக்குப் போகிற எல்லோரும் கேட்கும் விளக்கம், தரங்கம் என்றால் அலை, அலைகள் பாடும் ஊர் தரங்கம்பாடி என்பது. கேட்க இனிக்கும். ஆனால் ‘பாடி’ என்பது குடியிருப்பைக் குறிக்கும் பழைய ஊர் வால். வாணியம்பாடியிலும் காட்பாடியிலும் இருப்பது அதுதான், அங்கே எந்த அலையும் பாடவில்லை. பாண்டியன் குலசேகரன் காலத்துக் கல்வெட்டில் இந்த ஊரின் பெயர் ‘சடங்கன்பாடி’. அது தரங்கம்பாடியாகி, 1620-இல் வந்து கோட்டை கட்டிய டேனியர்கள் வாயில் டிராங்கிபார் ஆயிற்று. பொருள் மறந்துபோன பெயருக்குத் தெரிந்த சொற்களைக் கொண்டு புதிதாக ஒரு பொருள் கட்டுவதை மக்கள் சொற்பிறப்பு என்பார்கள். கவிதைக்கு நல்லது, சான்றுக்கு ஆகாது.

ஒரே ஓசைக்கு இரண்டு வீடுகளும் இருக்கலாம். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ விளையாட்டில் 2022-இல் திராவிடர் என்ற புது அணி சேர்ந்தது. ராஜேந்திர சோழனின் படையெடுப்பும் அதில் உண்டு. அந்த அணியின் சிறப்பு வீரனுக்கு உருமி வாள்வீரன் என்று பெயர். தஞ்சைப் பிள்ளைக்குச் சிரிப்பு வரும். நம் பக்கத்தில் உறுமி என்றால் கோயில் திருவிழாவில் விம்மும் மேளம். வளையும் வாளுக்குத் தமிழில் சுருள்வாள் என்போம். அதை உறுமி என்பது கேரளத்துக் களரி வழக்கு. விளையாட்டுக்காரர்கள் சொல்லைப் பிழையாக எடுக்கவில்லை, காவிரிக்கரைக்குப் பதிலாகப் பாரதப்புழைக் கரையிலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

எழுத்து மாறினால் குறில் நெடில் தொலைந்து வேறு விபத்தும் நடக்கும். ‘மேஜிக்: தி கேதரிங்’ என்ற புகழ்பெற்ற சீட்டு விளையாட்டு 2016-இல் இந்தியச் சாயலில் ஓர் உலகத்தைப் படைத்து ‘கலாதேஷ்’ என்று பெயரிட்டது. ஆங்கில எழுத்தில் அதைக் கலா என்றும் படிக்கலாம், காலா என்றும் படிக்கலாம். கலை நாடு என்று நினைத்த இடத்தில் இந்தி அறிந்தவர்க்குக் கறுப்பு நாடு என்று கேட்டது. 2025-இல் வந்த தொகுப்பில் அந்த உலகத்தின் பெயர் ‘அவிஷ்கார்’ என்று மாற்றப்பட்டது. கண்டுபிடிப்பு என்று பொருள். வேரைத் துண்டித்து எடுத்தால் இன்னும் வினோதமாகவும் ஆகலாம். ஜப்பானின் ‘ஃபைனல் ஃபேண்டஸி’ விளையாட்டுகளில் சிவா என்பது பனியை ஏவும் ஒரு பெண் தேவதை. பெருவுடையார் கோயில் வாசலில் நின்று இதைச் சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை.

பெயர் உள்ளூரில் பிறந்ததாலேயே பொருளும் உள்ளூர் ஆகிவிடாது. பொன்னி அரிசி நம் சாப்பாட்டுத் தட்டிலேயே இருக்கிறது. பொன்னி என்பது காவிரியின் பெயர், அதைவிடத் தஞ்சைத் தன்மையான பெயர் கிடைக்காது. ஆனால் அந்த நெல்லின் தாய் வழி ‘மசூரி’. தைவானின் தைச்சுங் 65 ரகத்தையும் மலேசியாவின் மயாங் எபோஸ் ரகத்தையும் ஒட்டி மலேசியாவில் உருவாக்கி 1960-களில் வெளியிட்ட ரகம் அது. தமிழ்நாட்டுக்கு வந்தபின்தான் ஆற்றின் பெயரைப் பெற்றது. பெயரை மட்டும் வைத்து ஆராய்ந்திருந்தால் கரிகாலன் காலத்து நெல் என்றே எழுதியிருப்போம். பக்கத்திலேயே ‘ஏடிடி 43’ என்று வறட்டுப் பெயரோடு நிற்கும் நெல்லோ, ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த அசல் மண்ணின் மைந்தன்.

அப்படியானால் எதை நம்புவது? மொழியியலாளர்கள் மூன்று கேள்விகள் கேட்பார்கள். மிகப் பழைய எழுத்துச் சான்றில் பெயர் எந்த வடிவத்தில் இருக்கிறது? அங்கிருந்து இன்றைய வடிவத்துக்கு வந்த ஒலி மாற்றம், அதே மொழியின் வேறு சொற்களிலும் நடந்திருக்கிறதா? பெயர் ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குப் போனது என்றால், அந்த இரண்டு கூட்டத்தாரும் சந்தித்ததற்கு ஆதாரம் உண்டா? சோழமண்டலம் கோரமண்டல் ஆனது என்பதை ஏற்கிறோம். ஐரோப்பியர் இந்தக் கரைக்கு வந்ததும் இங்கே வணிகம் செய்ததும் ஆவணத்தில் இருக்கின்றன. கிளிக்கியின் மின் ஃபின்லாந்திலிருந்து வந்தது என்பதை ஏற்க மாட்டோம். இரண்டு, மூன்று ஒலிகள் கொண்ட சிறிய சொற்கள் உலகில் எங்கு வேண்டுமானாலும் தற்செயலாக ஒத்துப்போகும். படைத்தவரே உயிரோடு இருந்து சொன்னால் அதைவிட நல்ல சான்று இல்லை.

தமிழில் விளையாட்டு கட்டும் இளைஞர்கள் இப்போது பெருகிவருகிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெயருக்காகக் கணினி நிரலைத் தட்டாதீர்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில் கோயிலில் ஆடுவதற்காக ராஜராஜன் குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர்ப்பட்டியல் இருக்கிறது. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்று ஒவ்வொருவருக்கும் வரி வரியாகப் பதிவு உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹுல்ஷ் படியெடுத்து அச்சேற்றிய ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதியில் அது முழுதாகக் கிடைக்கிறது. அந்தப் பெயர்களை வாய்விட்டுப் படியுங்கள். எந்த ஒலி எங்கே நிற்கிறது, எந்த வால் யாருக்கு வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் பெயரைக் கட்டுங்கள். கட்டியபின் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். “அது எந்தப் பக்கம் தம்பி, வலங்கைமான் தாண்டியா?” என்று அவர் கேட்டால் பெயர் தேறிவிட்டது.